செல்லாத பெயர்

கணிப்பொறிகளைச் சீர்செய்து கொடுப்பது நம் பிழைப்பு. கள்ளக்குறிச்சி நகரின் அரிசி ஆலைகள், கச்சிராயபாளையம் சாலைக் கடைகள், சங்கராபுரம், சின்னசேலம் வட்டாரத்துப் பள்ளிகள், கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை வரையுள்ள சிறு அலுவலகங்கள் எனப் பல இடங்களுக்கும் பல ஆண்டுகளாகச் சென்று வருகின்றோம். எங்குச் சென்றாலும் நம் காதில் முதலில் விழுவது பெரும்பாலும் ஒரே சொற்றொடர்தான்: “நான்தான் எதையோ தொட்டுக் கெடுத்துட்டேன் சார்.”

இதைக் கேட்குந்தோறும் நமக்கு வியப்பாகவே இருக்கின்றது. கிணற்று மோட்டார் ஓடவில்லையெனில் உழவர் மோட்டாரைத்தான் ஏசுகின்றார். தையல் இயந்திரத்தில் நூல் அறுந்தால் தையற்காரர் நூலின்மேல் பழி போடுகின்றார். கணிப்பொறியின் முன் மட்டும், கற்றவரும் கல்லாதவரும், அழைப்பாரின்றித் தாமே குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்றுகொள்கின்றனர். மோட்டார் பேசுவதில்லை, கணிப்பொறி பேசுகின்றது. அதுவும் ஆங்கிலத்தில், சிவப்பு எழுத்தில், தீர்ப்புரைக்கும் தொனியில் பேசுகின்றது. எதிர்த்துக் கேட்க அங்கே ஆள் இல்லை.

அத்தீர்ப்புகளில் நாம் மிகவும் வெறுக்கும் சொல் ஒன்று உண்டு. ‘இன்வேலிட்’ என்பதே அது. கட்டத்தில் இட்ட எழுத்துகள் அக்கட்டத்திற்கு வகுத்த விதிக்குப் பொருந்தவில்லை என்பதே அதன் பொருள். ஆனால் இ-சேவை மையத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இத்தனை நீளமாகச் சொல்ல நேரமில்லை. வரிசை வாசல்வரை நிற்கின்றது. ஆகவே அவர்கள் அதைச் சுருக்கி, “உன் பேரு செல்லாதுன்னு சொல்லுதும்மா” என்று மொழிபெயர்க்கின்றனர்.

மலையிலிருந்து இறங்கி வந்த மூதாட்டி ஒருவரிடம் இவ்வாறு சொல்லப்பட்டபோது நாம் அருகில் அச்சுப்பொறியைக் கழற்றிக்கொண்டிருந்தோம். “எங்கப்பன் வெச்ச பேரு. எழுபது வருசமா செல்லுச்சே சாமி, இப்ப எப்படிச் செல்லாமப் போவும்?” என்று அவர் கேட்டார். மற்றவர்கள் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனெனில் கேள்வி மிகச் சரியானது. இவ்வாறு கேட்பவர் அரியர் என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் வாய் திறவாமல் பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்திற்குத் திரும்பிவிடுகின்றனர். ஒரு நாள் கூலியும், போகவரப் பேருந்துக் கட்டணமும், தன் பெயரிலேயே ஏதோ குறை இருக்கின்றது என்னும் எண்ணமும் அவர்களுடன் மலையேறுகின்றன.

அம்மூதாட்டியின் பெயர் எதனால் செல்லவில்லை? அவருக்கு ஒரு பெயரும், அதன் முன் தந்தை பெயரின் முதலெழுத்தும் மட்டுமே உண்டு. மென்பொருளோ முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டங்களை வைத்து, இரண்டாவதில் ஓரெழுத்தை மட்டும் இட்டால் ஏற்பதில்லை. தமிழர்க்குக் குடும்பப்பெயர் ஏது? 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னுள்ள சாதிப் பட்டங்களை விடுமாறு தீர்மானம் இயற்றியது. அதற்கு முன்பே, பட்டம் சூட்டிக்கொள்ளும் வழக்கம் எல்லாரிடமும் இருந்ததன்று. தந்தையின் தலையெழுத்தே நமக்குப் போதுமானதாக இருந்து வந்துள்ளது. இச்செய்தி அக்கட்டத்தை வரைந்தவருக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் பொருட்டாகப் படவில்லை.

இந்த அவமதிப்பு நம் மலைக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஜான் கிரஹாம்-கம்மிங் என்னும் ஆங்கிலேயர் கணிப்பொறி வல்லுநர். அறிஞர் ஆலன் டூரிங்கை வதைத்தமைக்காக 2009இல் பிரிட்டன் அரசு வருத்தம் தெரிவித்ததற்கு இவர் எழுப்பிய கோரிக்கையே தொடக்கமாக அமைந்தது. அத்தகையவரின் குடும்பப்பெயரையே, நடுவில் சிறு கோடு இருந்த குற்றத்திற்காக, ஒரு மென்பொருள் தள்ளுபடி செய்தது. அவர் அதைக் குறைகூறி எழுத, அப்போது ஜப்பானில் வாழ்ந்துவந்த பேட்ரிக் மெக்கன்சி என்னும் நிரலர் 2010இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். மனிதர் பெயர்களைப் பற்றி நிரலர்கள் கொண்டுள்ள தவறான எண்ணங்கள் அதில் நாற்பது. எல்லார்க்கும் குடும்பப்பெயர் உண்டு என்பது அவற்றுள் ஒன்று. பட்டியல் வெளிவந்து பல ஆண்டுகள் கடந்தும் கட்டங்கள் மாறினபாடில்லை.

கட்டம் மாறாதபோது கைகள் குறுக்குவழி தேடுகின்றன. முதலெழுத்தை ஏற்கவில்லையெனில் ஒரு புள்ளியை இட்டுப் பார்க்கின்றனர். அதுவும் ஆகாவிடில் பெயரையே இரண்டு முறை அடித்துவிடுகின்றனர். ராமாயி, ‘ராமாயி ராமாயி’ ஆகிவிடுகின்றார். விண்ணப்பம் அன்று ஏறிவிடும். வங்கிப் புத்தகத்தில் ஒற்றை ராமாயி இருப்பதால் பணம் மட்டும் வராது. மாதங்கள் கழித்து எவரோ அதைக் கண்டுபிடிப்பர்.

ஆகவே நாம் எங்கும் சொல்லிவரும் அறிவுரை இது: ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் உள்ள ஆங்கில எழுத்துகளை, புள்ளி, இடைவெளி உட்பட, ஒரு துண்டுத்தாளில் எழுதி அட்டையுடன் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேறுபட்டால் முதலில் அவ்விரண்டையும் ஒன்றாக்குங்கள். விண்ணப்பம் இடும் நாளில் வாயால் பெயரைச் சொல்லாதீர்கள், தாளை நீட்டுங்கள். லட்சுமி என்னும் ஒரே பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என எண்ணிப் பாருங்கள். நம் காதுக்கு அவை ஒருவரே. கணிப்பொறிக்கு ஓரெழுத்து மாறினாலும் வேறொருவர். சூசை என்பதும் ஜோசப் என்பதும் ஒருவரே என்று நம் பாட்டிமார் அறிவர். இராயப்பன் பீட்டராகவும், அருளப்பன் ஜானாகவும் பள்ளிப் பதிவேட்டில் ஏறிய கதைகள் நம் வீடுகளில் எத்தனையோ. ஞானஸ்நானச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் மற்றொரு பெயர் என நிற்பவருக்கு, இருவரும் நானே என்று மெய்ப்பிப்பது இன்று பெரும்பாடாகிவிட்டது.

பெயர் இவ்வாறெனில், ஊரின் பாடு இன்னும் வேடிக்கை. கல்வராயன் மலையில் ஒரே குடிசையில் ஐம்பதாண்டு வாழ்ந்த ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவர் பிறந்தபோது அஃது தென்னார்க்காடு மாவட்டம். 1993 செப்டம்பர் 30 முதல் விழுப்புரம் இராமசாமிப் படையாட்சியார் மாவட்டம். 1997இல் தலைவர்களின் பெயர்கள் மாவட்டங்களிலிருந்து நீக்கப்பட்டதும் வெறும் விழுப்புரம். 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். ஓரடிகூட நகராமல் அவர் மூன்று மாவட்டங்களில் குடியிருந்திருக்கின்றார்! அவர் கையிலுள்ள தாள்களில் இந்நான்கு பெயர்களுமே இருக்கக்கூடும். பழங்குடியினர் பட்டியலில் ‘மலையாளி’ என்னும் பிரிவுக்கு எதிரே இன்றும் தென்னார்க்காடு என்றே இருக்கின்றது. (இங்கு மலையாளி என்பது கேரள நாட்டாரை அன்று, மலையை ஆள்வோராகிய மலைவாழ் மக்களைக் குறிக்கும்.) விண்ணப்பத்திலோ, அம்புக்குறியைத் தொட்டால் விரியும் மாவட்டப் பட்டியலில் தென்னார்க்காடு இல்லை. பிறந்த மாவட்டம் எது என்று கேட்டால் எதைத் தேர்வது? நேற்றுப் பிறந்த மாவட்டத்தில் ஐம்பதாண்டுக்கு முன் பிறந்ததாக எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

கள்ளக்குறிச்சி என்பதை ஆங்கிலத்தில் ஒரு ‘கே’ இட்டு எழுதுவோரும் உண்டு, இரண்டு இடுவோரும் உண்டு. 2020 ஜூனில் தமிழகத்தின் 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப ஆங்கிலத்தில் எழுதும் அரசாணை வெளிவந்து, சில நாள்களுக்குள்ளேயே திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் நன்று என்றே நாம் எண்ணினோம். ஆயினும் அந்த ஆணை நிலைத்திருந்தால் எத்தனை அட்டைகளின் எழுத்துகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போயிருக்கும் என எண்ணுகையில், நம் தொழிலில் இருப்பவர் எவரும் அது திரும்பப் பெறப்பட்டதற்கு வருந்தியிருக்கமாட்டார்.

இனி நாம் நேரில் கண்ட ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மலையிலுள்ள ஒரு பள்ளிக்கு அச்சுப்பொறி வேலை செய்யவில்லை என்று அழைத்தனர். காகிதம் உருளையில் சிக்கியிருந்தது. பத்து நிமிட வேலை. புறப்படும்போது எழுத்தர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். மாணவியர் சிலருக்கு உதவித்தொகை இரண்டாண்டாக வங்கிக் கணக்கில் ஏறவில்லை. பட்டியலை மூன்று முறை திருத்தி அனுப்பியும், கணக்கு எண் தவறு என்று திரும்பி வந்துவிட்டதாம். “எனக்குக் கம்ப்யூட்டர் சரியா வராது சார், என் தப்புதான்” என்றார். அவர்களுள் ஒரு பெண் பதினோராம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். பணமும் வரவில்லை, பெண்ணுக்கு வயதும் ஆகின்றது, தங்களுடன் வெளியூர் வேலைக்கு அழைத்துச் சென்றுவிடுகின்றோம் என்று அவள் தந்தை இருமுறை வந்து கேட்டிருக்கின்றார்.

பட்டியலைத் திறந்து பார்த்தோம். எக்செல் மென்பொருளில் அழகாகக் கோடிட்டு வைத்திருந்தார். உதவித்தொகை வராத மாணவியர் அனைவரும் ஒரே வங்கியில் கணக்கு வைத்திருந்தனர். அவர்கள் எல்லாருடைய கணக்கு எண்ணும் பூச்சியத்தில் முடிந்தன. ஒருவரது முடியலாம், இருவரது முடியலாம், எல்லாரது எண்ணுமா? அவ்வங்கியின் கணக்கு எண் பதினாறு இலக்கம் கொண்டது. மற்ற மாணவியரின் வங்கியில் எண்கள் குறைந்த இலக்கமுடையவை. முடிச்சு அங்கேதான் இருந்தது.

எக்செல் தன்னிடம் தரப்படும் எண்ணைக் கணக்கிடுவதற்குரிய தொகையாகவே கருதுகின்றது. அவ்வாறு கருதும் எண்ணில் முதல் பதினைந்து இலக்கங்களை மட்டுமே அது வைத்துக்கொள்ளும். பதினாறாவதாக எதை அடித்தாலும் அவ்விடத்தில் பூச்சியத்தை வைத்துவிடும். 1985இல் வகுத்த பின்ன எண் தரமுறையின் வரம்பு அது. கோள்களின் தொலைவை அளப்பவருக்குப் பதினாறாம் இலக்கம் பொருட்டன்று. வங்கிக் கணக்குக்கோ அஃதே உயிர். இதில் கொடுமை என்னவெனில், மென்பொருள் எச்சரிக்கை ஏதும் தருவதில்லை. எழுத்தர் சரியாகவே அடித்திருக்கின்றார். அடித்து முடித்ததும் எண் சுருங்கி, இடையில் ‘ஈ’ எழுத்தும் கூட்டல் குறியுமாக விசித்திரமாகத் தெரிந்திருக்கின்றது. அதை முழு எண்ணாகத் தெரியச் செய்யும் வழியையும் அவர் தேடிக் கற்றிருக்கின்றார். அதற்குள் கடைசி இலக்கம் போய்விட்டது. மூன்று முறை கவனமாகத் திருத்தியபோதும் மூன்று முறையும் அதே பூச்சியம் வந்து அமர்ந்திருக்கின்றது.

மாற்று மிக எளிது. எண்களை அடிக்கும் முன் அந்த நெடுவரிசை முழுவதையும் தேர்ந்து ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட வேண்டும். அல்லது எண்ணுக்கு முன் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றை இட வேண்டும். அப்போது எக்செல் அதைக் கூட்டவும் பெருக்கவும் முற்படாமல் பெயரைப் போல் அப்படியே வைத்திருக்கும். கணக்கு எண்ணின் முன்னுள்ள பூச்சியங்களும் மறையா. தொலைபேசி எண், ஆதார் எண், தேர்வுப் பதிவெண் எல்லாவற்றிற்கும் இதுவே நல்வழி. கூட்டிப் பார்க்கும் தேவையில்லாத எண் எதுவும் உண்மையில் எண்ணன்று, எழுத்தே. ஆனால் இது முன்கூட்டிச் செய்ய வேண்டியது. தொலைந்த இலக்கத்தை எந்த வித்தையாலும் மீட்க இயலாது. வங்கிப் புத்தகத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

புத்தகங்கள் மாணவியரின் வீடுகளில் இருந்தன. கல்வராயன் மலையில் வீடுகள் என்றால் ஓடைக்கு அப்பால் நான்கு, மேட்டுக்கு மேல் ஆறு எனச் சிதறிக் கிடப்பவை. எழுத்தரே தம் இருசக்கர வண்டியில் சில ஊர்களுக்கும், வண்டி போகாத இடங்களுக்கு நடந்தும் சென்று ஒரு வாரத்தில் எல்லா எண்களையும் திரட்டினார். அவர் நடந்த நடையைக் கண்டவர் எவரும் அவருக்குக் கணிப்பொறி சரியாக வராது என்று சொல்லமாட்டார். பதினோராம் வகுப்புப் பெண்ணின் தந்தையிடம் அவரே போய், “உங்க பேர்லயும் தப்பில்ல, பொண்ணு பேர்லயும் தப்பில்ல, மிசின் ஒரு நம்பரைத் தின்னுடுச்சு” என்று விளக்கினாராம். மிசின் தின்றது என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. தோட்டத்து மரவள்ளியைப் பன்றி தின்பது போல எடுத்துக்கொண்டிருப்பார் போலும். அப்பெண் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாள். தொகை வந்ததால்தான் முடித்தாளா என்றால், அவ்வளவு உறுதியாக நாம் சொல்வதற்கில்லை. வந்தபின் தந்தை மீண்டும் கேட்க வரவில்லை என்பது மட்டும் உண்மை.

எக்செல்லின் இம்மிகை ஆர்வத்துக்கு அறிவியல் உலகமே பணிந்திருக்கின்றது என்று அந்த எழுத்தரிடம் சொன்னோம். மனித மரபணுக்களுள் சிலவற்றின் சுருக்கப் பெயர்கள் மார்ச் 1, செப்டம்பர் 1 என்பவற்றின் ஆங்கிலச் சுருக்கம் போலவே இருந்தன. ஆராய்ச்சியாளர் அவற்றை அடிக்க, எக்செல் அவற்றைத் தேதிகளாக மாற்றிவிடும். பல ஆண்டுகள் இத்துன்பத்தைப் பொறுத்த பின், பெயரிடும் குழுவினர் 2020இல் அம்மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டனர். தானே மாற்றும் இப்பழக்கத்தை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2023இல்தான் தந்தது. இதைக் கேட்டதும் அவ்வெழுத்தர் முகத்தில் தோன்றிய நிம்மதியை இன்றும் மறக்கவில்லை.

தம்மையே குற்றம் சாட்டிக்கொள்ளும் இவ்வழக்கம் பங்கு அலுவலகங்களையும் விட்டதில்லை. ஒரு பங்கில் 1990களின் கடைசியில் திருமணப் பதிவேட்டைக் கணிப்பொறியில் ஏற்றி வைத்திருந்தனர். புதுக் கணிப்பொறி வாங்கி அக்கோப்பைத் திறந்தபோது திரை நிறைய பொருளற்ற ஆங்கில எழுத்துகள். வைரஸ் புகுந்துவிட்டது, இருபதாண்டு உழைப்பு பாழாயிற்று என அலுவலகச் சகோதரி கண் கலங்கிவிட்டார். நாம் சென்று பார்த்தோம். தமிழ் என்னும் சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, பின் ஓர் அரைப்புள்ளி எனத் தெரிந்தது. உடனே நமக்கு விளங்கிற்று: பாமினி எழுத்துரு.

அக்காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் உண்மையில் தமிழைச் சேமிக்கவில்லை. ஆங்கில எழுத்தைச் சேமித்து, அதற்குத் தமிழ் உடை உடுத்திக் காட்டின. உடை களைந்தால் உள்ளிருப்பது ஆங்கிலம். பாமினி ஒருவிதம், வானவில் ஒருவிதம், ஒவ்வொரு அச்சகத்துக்கும் ஒருவிதம். உலகின் எழுத்துகள் அனைத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு முறை 1991இல் வெளிவந்தபோதே அதில் தமிழுக்கு இடம் இருந்தது. ஆயினும் விண்டோஸ் 2000 பதிப்பில்தான் லதா என்னும் எழுத்துருவுடன் அது நம் மேசைக்கு வந்தது. தமிழக அரசு 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி அதை முறையாக ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் அடித்தவை எல்லாம் வீடுகளிலும் பங்குகளிலும் பள்ளிகளிலும் உடை களைந்தபடி உறங்குகின்றன. அவை அழியவில்லை என்பதை அன்பர்கள் நினைவில் கொள்ள வேண்டும். கோப்பை முதலில் ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டு, பழைய எழுத்துருவை நிறுவினால் எழுத்துகள் மீண்டும் தோன்றும். பின்னர் மாற்றிச் செயலியால் யூனிகோடாக மாற்றிக்கொள்ளலாம். மாற்றியபின் ஒருமுறை மெய்ப்புப் பார்க்க வேண்டும். கொம்பும் காலும் இடம் மாறி அமர்வது உண்டு. சகோதரியின் பதிவேடு மூன்று மணி நேரத்தில் மீண்டது. மெய்ப்புப் பார்க்க மூன்று வாரம் ஆயிற்று.

பெரிய கோளாறு போல் தோன்றி அற்பப் பொருளில் முடிவதும் உண்டு. மலைமேல் ஓர் அலுவலகத்தில் எந்த இணையதளமும் திறக்கவில்லை. ‘பாதுகாப்பற்றது’ என்றே ஒவ்வொன்றும் மறுத்தது. இணைப்புக்காரரை மாற்றிவிட்டனர், விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிட்டனர். நாம் முதலில் பார்த்தது திரையின் வலது மூலையிலுள்ள தேதியை. பல ஆண்டுகளுக்கு முந்திய ஒரு ஜனவரி முதல் தேதி அங்கே இருந்தது. கணிப்பொறி அணைந்திருக்கும்போதும் உள்ளே கடிகாரம் ஓடுவதற்கு, பழைய இருபத்தைந்து காசு அளவில் ஒரு பொத்தான் பேட்டரி உண்டு. அது தீர்ந்தால், மின்சாரம் போய் வருந்தோறும் கணிப்பொறி பழங்காலத்தில் கண் விழிக்கும். ஒவ்வொரு இணையதளமும் தன் நம்பகத்துக்கு ஒரு சான்றிதழ் வைத்திருக்கின்றது. அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பழைய தேதியில் நிற்கும் பொறி, இன்னும் பிறவாத சான்றிதழ் இது என்று தள்ளிவிடும். சில பத்து ரூபாயில் தீரும் குறைக்கு அங்குள்ளவர்கள் இரண்டு மாதம் வசை வாங்கியிருந்தனர்.

அணைத்துத் திரும்பப் போடுங்கள் என்று நாம் சொல்வதைக் கேலி செய்வோர் உண்டு. அதில் மாயம் ஒன்றுமில்லை. நாள் முழுதும் நெல்லடித்த களத்தில் வைக்கோலும் பதரும் சேர்வது போல, செயலிகள் நினைவகத்தில் தம் மிச்சங்களை விட்டுச் செல்கின்றன. அணைத்தால் களம் பெருக்கப்படுகின்றது. சேமித்த பின்பே அணைக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

இவையெல்லாம் நம் கைக்குள் அடங்குபவை. அடங்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2020 அக்டோபர் முதல் தமிழக ரேஷன் கடைகளில் விரல்ரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. கரும்பு வெட்டியும், மரவள்ளி பிடுங்கியும், புளி உடைத்தும், கல் சுமந்தும் தேய்ந்த விரல்களில் ரேகை எங்கே இருக்கும்? பொறி அவ்விரலை அறியவில்லை என்கின்றது. அறியவில்லை என்பது மீண்டும், ‘உன் கைரேகை தப்பு’ என மொழிபெயர்க்கப்படுகின்றது. கையைக் கழுவித் துடைத்து, சிறிது எண்ணெய் தடவித் துடைத்து, பொறியின் கண்ணாடியையும் துடைத்து, வேறு விரல்களையும் வைத்துப் பார்த்தால் பலருக்குப் பலன் கிடைக்கின்றது. எந்த விரல் தெளிவாகப் பதிகின்றது என்று ஒருமுறை அறிந்தபின் அதையே எப்போதும் வைக்கலாம். எதுவும் பதியாவிடில்? விரல்ரேகை பொருந்தவில்லை என்பதற்காக எவருக்கும் ரேஷன் பொருளை மறுக்கலாகாது என்று ஆதார் ஆணையமே 2017 அக்டோபரில் சுற்றறிக்கை விடுத்துள்ளது. கடைக்குச் செல்வோர் இதை அறிந்திருப்பது, எண்ணெய் தடவுவதைவிடப் பயன் தரும்.

கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணின் கதை தனி. மலையில் பல இடங்களில் சிக்னல் கிட்டாது. எண் வந்து சேரும்போது அதன் ஆயுள் முடிந்திருக்கும். கைப்பேசியோ திருப்பூரில் வேலை செய்யும் மகனிடம் இருக்கும். ஓ.டி.பி.யை எவரிடமும் சொல்லாதீர்கள் என்று நாம் ஊரெல்லாம் சொல்கின்றோம். மையத்தில் அமர்ந்தவுடன் முதலில் கேட்கப்படுவது அந்த எண்தான். இம்முரண்பாட்டுக்கு நம்மிடம் முழு விடை இல்லை. நீங்கள் நேரில் சென்று, நீங்கள் கேட்ட வேலைக்கு, உங்கள் கண்முன் திரையில் இடப்படும் எண் வேறு. எவரோ தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் எண் வேறு என்ற அளவில் சொல்லி வைக்கின்றோம். ஏமாந்துவிட்டதாக அறிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணுக்கு அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் பணத்தை எட்டாத தொலைவுக்குக் கொண்டுசெல்லும்.

மூதாட்டியின் கேள்வியைக் கேட்ட அந்த இ-சேவை மையத்தில், திரையின் ஓரத்தில் ஒரு தாளை ஒட்டிவைத்திருக்கின்றோம். ஆங்கிலச் செய்திகளை மக்களிடம் எப்படிச் சொல்வது என்பதற்கான தாள் அது. ‘இன்வேலிட்’ என்றால்: பெயர் சரிதான், கட்டம் ஏற்கவில்லை, வேறு விதமாக இடுகின்றேன். ‘நாட் மேட்ச்சிங்’ என்றால்: இரண்டு தாளில் எழுத்து வேறாக உள்ளது, எந்தத் தாள் என்று பார்க்கின்றேன். ‘ஃபெயில்டு’ என்றால்: நீங்கள் ஒன்றும் செய்யவில்லை, இணைப்பு போய்விட்டது. மூன்று வரிகளே எழுதிக் கொடுத்தோம். மையத்திலுள்ள பெண் அதன்கீழ்த் தன் கையெழுத்தில் இன்னும் ஐந்தாறு சேர்த்திருக்கின்றாள். கடைசியாக நாம் சென்றபோது இருந்த கடைசி வரி இது: ‘சர்வர் டவுன் — ஆயா, வெயில்ல நிக்காதீங்க, உள்ள வந்து உக்காருங்க.’